நம் குலம் யாது?



சென்ற பௌர்ணமி உபோசத நாளன்று, பஞ்சசீலம் ஏற்று வந்தனை முடிந்த பின்னர், நம் சங்கத்து அன்பர் இருவர் தனித்தனியே நம்மை அணுகி இரண்டு வினாக்களை எழுப்பினர். இரண்டும் ஒரே பொருளினின்றும் பிறந்த வினாக்கள். வீட்டிலிருந்தபடியே ஒரு சிறு குழாயில் உமிழ்நீரை நிரப்பி அஞ்சலில் அனுப்பினால், நம் முன்னோர் எந்நாட்டினர், நமக்கு உறவினர் யாவர் என்று சில வாரங்களில் விடை தருகின்ற டி.என்.ஏ. சோதனையே அப்பொருள். மேனாடுகளில் பிறந்தநாள் பரிசாக வழங்கப்பெறும் அளவிற்கு இது பரவியிருக்கின்றது. அந்நாடுகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள் வாயிலாக இப்பொழுது நம் இல்லங்களிலும் நுழைந்துவிட்டது.

முதல் வினாவை எழுப்பியவர் ஓர் இளைஞர். அயல்நாட்டில் பணிபுரிந்து விடுமுறையில் வந்திருந்தவர். பாட்டனார் காலந்தொட்டுத் திரிசரணம் புகுந்த குடும்பத்தினர். தமக்கு வந்த விடையைக் கைப்பேசியில் காட்டினார். பெரும்பங்கு தென்னிந்தியா என்றும், சிறு பங்கு வேறு பகுதிகள் என்றும் அதில் கண்டிருந்தது. "ஐயா, நாம் சாக்கிய வமிசத்தார், பூர்வ பௌத்தர் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். இதில் சாக்கியர் என்னும் சொல்லே இல்லை. அதுமட்டுமன்று, தூரத்து உறவினர் என்று இது காட்டும் பெயர்களுள், என் பாட்டனாரைத் தங்கள் திண்ணையில் உட்காரவிடாத சாதியாரின் பட்டம் பூண்ட பெயர்களும் இருக்கின்றன. அப்படியானால் நாம் யார்?" என்றார்.

இரண்டாம் வினாவை எழுப்பியவர் ஓர் உபாசிகை, பேரப்பிள்ளை கண்டவர். அவர் மகள் அனுப்பிய சோதனைப் பெட்டிகள் இரண்டில் அவரும் அவர் தமையனாரும் உமிழ்நீர் அளித்திருந்தனர். விடை வந்தபொழுது, இருவருக்கும் தாய்வழிக் குறி ஒன்றாகவே இருந்தது. ஆயினும் உடன்பிறந்தார்க்கு இருக்கவேண்டிய பொதுப் பங்கில் ஏறத்தாழப் பாதியே இருந்தது. தாய் ஒருவரே, தந்தை ஒருவரல்லர் என்பது அதன் பொருள். தாயும் தந்தையும் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. தமையனார் இன்னும் அவ்விடையைப் பார்க்கவில்லை. "நீயே பார்த்துச் சொல் அம்மா" என்று விட்டுவிட்டாராம். "எங்கள் இருவருள் யார் எங்கள் அப்பாவின் பிள்ளை என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் படத்தின்முன் விளக்கேற்றும்போது கை நடுங்குகிறது. அண்ணனிடம் சொல்வதா, மறைப்பதா?" என்று கேட்டுக் கண் கலங்கினார். அவருடைய இசைவு பெற்றே, ஊரும் பெயரும் மறைத்து, இதனை இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது வினா பெருமை பற்றியது. இரண்டாவது நாணம் பற்றியது. பிறப்பைப் பற்றிய பெருமையும் பிறப்பைப் பற்றிய நாணமும் ஒரே வேரிற் கிளைத்த இரு கிளைகள் என்பதே நாம் இவண் விளக்கப் புகுவது.

முதற்கண், இச்சோதனை செய்வது யாது என்பதை அறிந்துகொள்வோம். அறியாததை வியப்பதும் அஞ்சுவதும் பௌத்தனுக்கு அழகன்று. நம் உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. அவற்றில் எழுதப்பெற்றுள்ள எழுத்துக்கள் ஏறத்தாழ 300 கோடி. இவற்றை முழுவதும் இச்சோதனைச் சாலைகள் படிப்பதில்லை. மனிதர்க்கு மனிதர் வேறுபடும் இடங்களுள் ஆறு ஏழு இலட்சம் இடங்களை மட்டுமே பொதுவாகப் படிக்கின்றன. உலகிலுள்ள எந்த இரு மனிதரை எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்கு 99.9 பங்கு ஒன்றாகவே இருக்கும். எஞ்சிய அச்சிறு வேற்றுமைக்குள்ளேயே இத்தனை ஆராய்ச்சியும் நடைபெறுகின்றது.

படித்த இடங்களை, இன்று பற்பல நாடுகளில் வாழும் மக்களிடமிருந்து திரட்டி வைத்துள்ள மாதிரிகளோடு ஒப்பிடுகின்றனர். யாரோடு ஒப்புமை மிகுதியோ அவர்தம் நாட்டின் பெயரை நூற்றுக்கு இத்தனை என்று எழுதித் தருகின்றனர். ஆகவே அவ்வெண் இறந்துபோன முன்னோரை நேரே கண்டு எழுதியதன்று. இன்று வாழ்வோரோடு ஒப்பிட்டுக் கணித்த மதிப்பீடேயாம். மாதிரிகள் பெருகினால் எண்ணும் மாறும். 2019ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஒளிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சியொன்றில், ஒரே கருவில் தோன்றிய இரட்டைச் சகோதரியர் ஐந்து நிறுவனங்களுக்கு உமிழ்நீர் அனுப்பினர். மரபணுவில் வேற்றுமையற்ற அவ்விருவருக்கும் ஒரே நிறுவனத்திடமிருந்தே சிறிது வேறுபட்ட எண்கள் வந்தன. நிறுவனத்திற்கு நிறுவனம் வேற்றுமை இன்னும் மிகுதி.

நெருங்கிய உறவைக் காட்டுவதில் மட்டும் இச்சோதனை வலியது. ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 50 பங்கும், பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவாயின் ஏறத்தாழ 25 பங்கும் ஒத்திருப்பர். நாடு பற்றிய எண் மாறக்கூடும். இவ்வுறவு பற்றிய விடை பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஆகவேதான் உபாசிகையாரின் துயரத்தை, "சோதனை தவறாயிருக்கும்" என்று சொல்லி நாம் ஆற்ற முற்படவில்லை.

இனி இளைஞரின் வினாவிற்கு வருவோம். சாக்கியர் என்னும் சொல் அவ்விடையில் இல்லாமை வியப்பன்று. கபிலவாஸ்துவில் வாழ்ந்த சாக்கியருடைய மாதிரி எச்சோதனைச் சாலையின் ஒப்பீட்டுத் தொகுப்பிலும் இல்லை. இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டு 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ எவ்வாறு கூறுவது? மேலும், நமக்குப் பத்துத் தலைமுறைக்கு முன்னே 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. இருபது தலைமுறைக்கு முன்னே பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட இடங்கள். பெற்றோரிடமிருந்து பாதி பாதியாகவே மரபணு இறங்குவதால், தொலைவிலுள்ள மூதாதையருட் பலர் நம் உடலில் ஓர் எழுத்தையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் நம் முன்னோர் அல்லர் என்று யாரேனும் கூறுவரோ? ததாகதர் வாழ்ந்த காலமோ ஏறத்தாழ நூறு தலைமுறைக்கு அப்பாற்பட்டது. உமிழ்நீரிற் சாக்கியரைத் தேடுவது, கடலிற் கரைத்த உப்பு எவ்வூர் உப்பளத்தது என்று நாவால் அறிய முயல்வதை ஒக்கும்.

அப்படியாயின் பூர்வ பௌத்தர் என்னும் நம் பெரியோர் கொள்கையின் பொருள் யாது? பண்டித அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவர் நம்மைப் பூர்வ பௌத்தர் என்றது குருதியைச் சோதித்தன்று. நிகண்டுகளையும் பழந்தமிழ் நூல்களையும் மக்கள் வழக்கங்களையும் ஆராய்ந்து, இழிவு என்று பிறர் நம்மீது சுமத்திய பெயருக்கு முன்னே நமக்கொரு வரலாறு இருந்தது என்று நிறுவ முயன்றார். காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்து காணப்பெற்ற விஹாரமும், நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரத்தின் வரலாறும், காஞ்சிமாநகர் ஈன்ற திக்நாகர் முதலிய பேராசிரியர்களும், மணிமேகலைக் காப்பியமும் தமிழ்நாட்டில் தம்மம் தழைத்திருந்தமைக்குச் சான்றுகள். அச்சான்றுகள் கல்லிலும் ஏட்டிலும் உள்ளன, எச்சிலில் இல்லை. பண்டிதர் முடிபுகளை ஆராய விரும்புவோர் அச்சான்றுகளைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

போதிசத்துவர் பாபாசாகிப் அம்பேத்கர் 1948ஆம் ஆண்டில் தீண்டப்படாதார் யாவர் என்று ஆராய்ந்து எழுதிய நூலிலும், இதனையே தெளிவுறக் காட்டினார். அக்காலத்து மேனாட்டறிஞர் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரித்தனர். அவ்வளவைகளையே எடுத்துவைத்து, அவற்றின்படி பார்த்தாலும் பிராமணரும் தீண்டப்படாதாரும் வெவ்வேறு இனத்தவரென்று கொள்ள இடமில்லை என்று அவர் முடிவு கட்டினார். தீண்டாமை வேற்றினத்தின் அடையாளமன்று. பௌத்தத்தைக் கைவிடாதார்மீது வந்த பகைமையும் அதற்கொரு காரணம் என்பது அவர்தம் துணிபு. நம் பெரியோர் இருவரும் நமக்கு ஒரு குருதிச் செருக்கை வழங்கவில்லை. நாம் இழந்ததை நினைவூட்டினர். இழந்தது தம்மம்; மீட்டதும் தம்மமே.

உறவினர் பட்டியலில் திண்ணை மறுத்த சாதியார் பெயர் வந்தமை பற்றி அவ்விளைஞர் வியந்தார். இதுவும் வியப்பன்று. 2009ஆம் ஆண்டில் ஐதராபாத்து உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தாரும் அமெரிக்க அறிஞர்களும் கூடி, இந்நாட்டின் 25 குழுவினரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்தியப் பெருநிலத்து மக்களுட் பெரும்பாலோர், மேல்சாதி என்பாரும் கீழ்சாதி என்பாரும் பழங்குடியினருமாகிய எல்லோரும், தொன்மையான இரு மக்கட் கூட்டங்களின் கலப்பால் வந்தவர்கள் என்றும், கலப்பின் அளவிலேதான் வேற்றுமை என்றும் அவர்கள் கண்டனர். 2013ஆம் ஆண்டில் 73 குழுவினரை ஆராய்ந்தபொழுது, அக்கலப்பு இற்றைக்கு 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரையில் நாடெங்கும் நடைபெற்றது என்றும், பின்னரே அது குன்றி, அவரவர் கூட்டத்திற்குள்ளேயே மணம் செய்யும் வழக்கம் இறுகிற்று என்றும் தெளிந்தது.

அன்பர்களே, இதன் பொருளை ஊன்றி நோக்குங்கள். சாதிச் சுவர் படைப்புக் காலந்தொட்டு நின்றதன்று. அதற்கு முன்னே மக்கள் கலந்து வாழ்ந்தனர். சுவர் எழுப்பப்பெற்றது; எழுப்பப்பெற்ற காலத்தையும் ஏறத்தாழக் கூறலாம். எழுப்பப்பெற்றது எதுவோ அது இடிக்கவும் படும். 1916ஆம் ஆண்டில் தமது 25ஆம் வயதில் கொலம்பியப் பல்கலைக்கழகத்திற் படித்த ஆராய்ச்சிக் கட்டுரையில், அகமண முறையே சாதியின் உயிர்நிலை என்று பாபாசாகிப் கண்டார். அவர் சமுதாய வழக்கங்களை ஆராய்ந்து கண்டதன் சுவட்டை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து விஞ்ஞானிகள் நம் உயிரணுக்களிற் கண்டனர்.

இம்முடிபு நம்மையும் ஒரு வினா வினவுகின்றது. திரிசரணம் புகுந்த பின்னரும், நம் பிள்ளைகளுக்கு வரன் தேடும்பொழுது பழைய உட்பிரிவை வினவாதோர் நம்முள் எத்தனை பேர்? விஹாரத்தில் ஒரே பாயில் அமர்கின்றோம். சம்பந்தம் பேசும்பொழுது மட்டும் பாயைச் சுருட்டிக்கொள்கின்றோம். பன்னூறாண்டுகள் ஒரே கூட்டத்திற்குள் மணம் செய்தமையால் நோய்க்கூறுகள் சில குழுக்களில் மிகுந்துள்ளன என்றும் அறிஞர் கூறுகின்றனர். ஆந்திர நாட்டு வணிகக் குலமொன்றில், அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தொன்றை உடல் எளிதில் முறிக்கமாட்டாத குறை மிகுதியாக இருப்பது மருத்துவருக்குத் தெரிந்த செய்தி. சுவர் வெளியாரை மட்டும் தடுப்பதன்று. உள்ளே இருப்போரையும் நலிவிக்கும். சோதனை விடையைக் கண்டு வியந்த அவ்விளைஞரிடம் நாம் கூறியது இதுவே: "தம்பி, உன் பாட்டனாருக்குத் திண்ணை மறுத்தவரும் அவருக்கு உறவினரே என்று இன்று ஓர் இயந்திரம் சொல்கின்றது. தம்மம் இதனை முன்னரே சொல்லிற்று. நாளை நீ மணம் பேசும்போது இதனை மறவாதே."

மஜ்ஜிம நிகாயத்தில் அஸ்ஸலாயன சுத்தம் என்றொரு சுத்தம் உண்டு. அஸ்ஸலாயனன் என்னும் இளம் பிராமணன், பிராமணரே உயர்ந்த வருணத்தார் என்று பகவரோடு வாதிட வந்தான். பகவர் அவனுக்குப் பழைய கதையொன்று உரைத்தார். குலப்பெருமை பேசிய ஏழு பிராமண ரிஷிகளை அசிததேவலர் என்னும் முனிவர் வினவினார்: உங்களை ஈன்ற தாய் பிராமணனையே அன்றி மற்றொருவனைச் சேர்ந்ததில்லை என்று அறிவீரோ? அவள் தாய், அவளுக்குத் தாய் என்று ஏழு தலைமுறை வரையிலும் அங்ஙனமே என்று அறிவீரோ? தந்தை வழியிலும் அங்ஙனமே அறிவீரோ? அறியோம் என்பதே ஒவ்வொரு வினாவிற்கும் அவர்தம் விடை. அவ்வாறாயின் நீவிர் யாவர் என்றேனும் அறிவீரோ என்றதற்கும், அறியோம் என்றே கூறினர். அஸ்ஸலாயனன் வாயடைத்து நின்றான்.

ஏழு தலைமுறை வினா அன்று பெருமையை அடக்க வினவப்பெற்றது. அதே வினாவை இன்று ஒரு சிறு குழாய் எழுப்பி, ஒரு தலைமுறையிலேயே விடையும் தந்துவிடுகின்றது. விடை நம் வீட்டினுள் வரும்போது என் செய்வது? இங்கேதான் உபாசிகையாரின் வினா தொடங்குகின்றது.

பிறப்பின் மறைபொருள் வெளிப்பட்ட கதைகள் நம் நூல்களிற் பல உள. அவற்றுட் கொடியது விடூடபன் கதை. கோசல மன்னன் பசேனதி சாக்கியரிடம் பெண் கேட்டான். சாக்கியர் குலச்செருக்கால் தம் மகளைத் தர மனமின்றி, மகாநாமன் என்பான் அடிமைப் பெண்ணொருத்தியிடம் பெற்ற மகளைச் சாக்கிய இளவரசி என்று கூறி அனுப்பினர். அவள் வயிற்றில் விடூடபன் பிறந்தான். வளர்ந்தபின் தாய்வீடு காணச் சென்றான். அவன் புறப்பட்ட பின்னர், அவன் அமர்ந்த பலகையைப் பாலும் நீரும் கொண்டு கழுவினர். அச்செய்தி அவன் செவிக்கு எட்டிற்று. மன்னனும் உண்மையறிந்து மனைவியையும் மகனையும் சிறப்பிழக்கச் செய்தான். பகவர் மன்னனை நெருங்கி, தாயின் குலத்தைக் கொண்டு மகனைத் தள்ளுதல் தகாது என்று எடுத்துரைக்க, அவன் இருவரையும் மீண்டும் ஏற்றுக்கொண்டான். ஆயினும் விடூடபன் நெஞ்சில் மூண்ட தீ அவியவில்லை. அரசனான பின்பு படையெடுத்துச் சென்று சாக்கியரைக் கொன்று குவித்தான்.

சாக்கியரை அழித்தது எது? அடிமைப் பெண்ணின் குருதியன்று; பலகையைக் கழுவிய கை. சாக்கிய வமிசம் என்று பெருமை கொள்ளும் நாம் இக்கதையை மறத்தலாகாது. அதே குலத்து இளவரசர் சிலர் துறவு பூணச் சென்றபொழுது, தம் நாவிதனாகிய உபாலிக்கு முதலில் துறவு அளிக்குமாறும், அவனை வணங்கித் தம் செருக்கைத் தாமே அடக்கிக்கொள்வதாகவும் பகவரிடம் வேண்டினர் என்பதையும் மறத்தலாகாது. இரண்டும் சாக்கியர் கதைகளே. எவருடைய வழியில் நாம் வந்தோம் என்று சோதனைச் சாலை கூறாது. எவருடைய வழியில் நடக்கின்றோம் என்று நாமே கூறலாம்.

மற்றொன்று அம்பட்டன் என்னும் இளம் பிராமணனின் கதை. தீக நிகாயத்தில் உள்ளது. சாக்கியரை இழித்துப் பேசிய அவனை நோக்கி, அவன் கோத்திரத்தின் முதல்வராகிய கண்ஹர் ஒக்காக மன்னனின் அடிமைப் பெண் ஈன்ற மகன் என்பதைப் பகவர் எடுத்துக் காட்டினார். உடனே அவனோடு வந்தவர்களே, இவன் அடிமைப் பெண்ணின் வழியினன் என்று அவனை எள்ளத் தொடங்கினர். அப்பொழுது பகவர் செய்தது யாது? அவனை அவர்தம் எள்ளலுக்கு விட்டாரா? இல்லை. அந்தக் கண்ஹர் பின்னர்ப் பெரும் முனிவராக விளங்கினார், ஆகவே அவன் முதல்வரை இகழாதீர் என்று கூறி அவனைக் காத்தார். செருக்கு எழுந்தவிடத்துப் பிறப்பின் உண்மையை உரைத்தார். நாணம் எழுந்தவிடத்து அப்பிறப்பிற்கே மேன்மை காட்டினார். உபாசிகையாருக்கு நாம் காட்டிய வழியும் இதுவே.

தாயைப் பற்றிய அவர்தம் நடுக்கத்திற்கு நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையே மருந்து. சாலி என்னும் பார்ப்பனி நெறி தவறிப் பெற்ற குழந்தையைக் குமரித் துறைக்குச் செல்லும் வழியில் விட்டு நீங்கினாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் தன் மகவெனக் கொண்டு வளர்த்தான். அவனே ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டிய பசுவை அவன் விடுவித்தபொழுது, அதனை மறுக்க நியாயம் காணாத பார்ப்பனர் அவன் பிறப்பையே எடுத்து இழித்தனர். அவன் நாணவில்லை, நகைத்தான். அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பை எடுத்துரைத்து, அங்ஙனமிருக்கச் சாலியிடம் குற்றம் காண்பது எங்ஙனம் என்று வினவினான். தன்னைக் கைவிட்ட தாயையும் அவன் பழிக்கவில்லை என்பதை உய்த்துணர்க. அமுதசுரபி அவன் கையில் அன்றோ வந்து சேர்ந்தது!

உபாசிகையாரிடம் நாம் கூறினோம்: "அம்மா, உங்கள் தாய் அன்று எந்நிலையில் இருந்தார் என்பதை நீங்கள் அறியீர், நாமும் அறியோம். வலியவர் கையில் எளிய பெண்டிர் பட்ட பாட்டை நம் சமூகம் அறியும். அன்பால் நேர்ந்ததோ, அச்சத்தால் நேர்ந்ததோ, வன்செயலோ, எவரும் உரைக்க இயலாது. அறியாத ஒன்றிற்குத் தீர்ப்பு எழுதுதல் நன்னோக்கம் ஆகாது. அவர் உங்கள் இருவரையும் பசியாற்றி வளர்த்ததை மட்டும் நீங்கள் நேரே அறிவீர்கள். அறிந்ததைப் பற்றி நில்லுங்கள். விளக்கை நடுங்காமல் ஏற்றுங்கள்."

தந்தை யார் என்பதற்குச் சிகாலோவாத சுத்தம் விடை தருகின்றது. இல்லறத்தார் நெறியாகிய அச்சுத்தத்தில், தாய் தந்தையர் மக்கட்குச் செய்யும் கடன் ஐந்தெனப் பகவர் வகுத்தார்: தீமையினின்று விலக்கல், நன்மையிற் செலுத்தல், தொழில் பயிற்றல், தக்க மணம் முடித்தல், உரிய காலத்தில் உடைமை வழங்கல் என்பன அவை. இவ்வைந்தனுள் குருதி என்னும் சொல் இல்லை. இவ்வைந்தையும் இரு பிள்ளைகளுக்கும் வேற்றுமையின்றிச் செய்தவர் எவரோ அவரே இருவர்க்கும் தந்தை. அவர் உண்மையை அறிந்திருந்தும் அங்ஙனம் செய்தாராயின் அவர் பெருமை இருமடங்காகும்.

இனி, தமையனாரிடம் கூறுவதா, மறைப்பதா? நான்காம் சீலம் பொய்யுரையைத் தடுக்கின்றது. ஆனால் அறிந்தவை அனைத்தையும் அறிந்தவுடன் உரைத்துவிடுக என்று கட்டளையிடவில்லை. அபய இளவரசனுக்குப் பகவர் அருளிய நெறி இங்கு நமக்கு வழிகாட்டும். உண்மையாயிருத்தல் மட்டும் போதாது. நன்மை பயப்பதாதல் வேண்டும். அவ்விரண்டும் உள்ளதாயினும், கேட்போர்க்கு இனிதாயினும் இன்னாததாயினும், உரைக்கும் காலம் அறிந்தே ததாகதர் உரைப்பார் என்பது அது. ஆகவே உபாசிகையாருக்கு மூன்று கூறினோம். தமையனார் நேரே வினவினால் பொய் கூறலாகாது. அந்த உமிழ்நீர் அவருடையது. அதன் விடையும் அவருக்குரியது. என்றென்றைக்கும் அதனை அவரிடமிருந்து ஒளித்தலும் ஒருவகையில் அவர் பொருளைக் கைக்கொள்ளுதலேயாகும். ஆனால் தொலைபேசியிலோ உறவினர் கூட்டத்திலோ அன்று; இருவரும் தனித்திருக்கும் அமைதியான வேளையில், எதிர்பாராத செய்தி ஒன்று அவ்விடையில் உண்டு, அறிய விரும்புகின்றீரா என்று முதலில் அவர் விருப்பத்தை வினவுதல் வேண்டும். வேண்டாம் என்பாராயின் அதனை மதித்தல் வேண்டும். அடுத்த பௌர்ணமிக்கு இருவரும் சேர்ந்து விஹாரத்திற்கு வருவதாக அவ்வுபாசிகையார் கூறிச் சென்றார்.

சோதனை செய்துகொள்ள எண்ணும் அன்பர்களுக்கும் ஒரு சொல். சோதனை பாவமன்று, தடை செய்யவும் நாம் முன்வரோம். ஆனால் ஒருவர் தரும் உமிழ்நீரில் அவர் தாய், தந்தை, உடன்பிறந்தார், மக்கள் ஆகிய எல்லோருடைய செய்தியும் கலந்துள்ளது. கொடாததைக் கொள்ளாமை நம் இரண்டாம் சீலம். ஆகவே வீட்டாரைக் கலந்து, எது வந்தாலும் எவரையும் இழிவாக எண்ணோம் என்று உறுதி செய்துகொண்ட பின்னரே முனைதல் நன்று. தந்த செய்தி எங்கே தங்கும் என்பதையும் எண்ணுங்கள். இத்துறையிற் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமாகிய ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீயில், 2023ஆம் ஆண்டு ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய செய்திகள் களவாடப்பெற்றன. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிறுவனமே திவால் மனுச் செய்துகொண்டது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்; மரபணுவை மாற்றிக்கொள்ள இயலாது.

கடந்த காலத்தில் நான் இருந்தேனா, என்னவாக இருந்தேன், எப்படி இருந்தேன் என்று ஓயாது உழலும் எண்ணங்களை முறையற்ற சிந்தனை என்று சப்பாசவ சுத்தத்திற் பகவர் விலக்கினார். வரலாறு கற்கவேண்டா என்பது அதன் கருத்தன்று. 'நான்' என்னும் பற்றை வளர்க்க அதனைக் கற்கவேண்டா என்பதே கருத்து. உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் கூட்டத்தை நூற்றுக்கு இத்தனை என்று எத்துணைக் கூறாகப் பிரிப்பினும், எக்கூற்றிலும் 'நான்' அகப்படுவதில்லை.

இறுதியாக ஒன்று. பகவரின் குருதி வழி இன்று யாரிடம் உள்ளது? எவரிடமும் இல்லை. மரபுரை கூறும் அவருடைய ஒரே மகன் இராகுலன். பகவர் கபிலவாஸ்துவிற்கு வந்தபொழுது தாய் யசோதரை அவனை அனுப்பி, தந்தையிடம் உன் உரிமைப் பங்கைக் கேள் என்றாள். சிறுவன் பின்தொடர்ந்து சென்று கேட்டான். பகவர் பொன்னும் மணியும் தரவில்லை. சாரிபுத்திரரை அழைத்து அவனுக்குத் துறவு அளிக்கச் செய்தார். அத்துடன் அவ்வமிசத்தின் குருதி வழி நின்றது. அதனாற் பாட்டனாராகிய சுத்தோதனர் மனம் நொந்து, இனிப் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகட்குத் துறவு அளிக்கலாகாது என்று வேண்ட, பகவர் அதனை ஏற்று விதியாக்கினார். குடும்பத்தார் மனநோவைத் தம்மம் புறக்கணிப்பதன்று என்பதும் இதனால் விளங்கும்.

இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக எத்தனையோ நாட்டினர், எத்தனையோ நிறத்தினர் ததாகதரின் மக்கள் என்று தம்மைக் கூறிக்கொண்டனர். அவருள் ஒருவரும் குருதியால் அவர் மக்களல்லர். இராகுலர் பெற்ற பங்கையே அவர்கள் பெற்றனர். 1898இல் பண்டிதர் பெற்றதும், 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகிப்போடு இலட்சக்கணக்கானோர் பெற்றதும், நம் பாட்டனார் பெற்றதும் அதுவே. நம் குலம் யாது என்று எவரேனும் வினவினால், திரிசரணமே நம் குலம், பஞ்சசீலமே நம் கோத்திரம் என்று தலைநிமிர்ந்து கூறுவோம். அங்ஙனம் கூறும் வாயால், மணம் பேசும் நாளில், "நீங்கள் எந்தப் பிரிவு?" என்று வினவாதிருப்போம்.

அனைவருக்கும் மங்கலம் உண்டாகுக!